தூண்டிலும் தோழமையும்
பவாய் ஏரிக்கரை அனுபவங்கள்

மும்பை என்றதும் நம்மவர் உள்ளத்தில் முதலில் எழுவது கடலே. ஊரிலிருந்து உறவினர் எவரேனும் வந்தால் அவரைக் கடற்கரைக்கும் இந்திய நுழைவாயிலுக்கும் அழைத்துச் செல்கிறோம், அலைகளைக் காட்டுகிறோம், திரும்பும் வழியில் பேல்பூரி வாங்கித் தருகிறோம். ஆனால், இம்மாநகரின் எல்லைக்குள்ளேயே மூன்று பெரிய ஏரிகள் இருக்கின்றன என்பதை, இருபது முப்பது ஆண்டுகளாக இங்கே குடியிருப்போரிலும் எத்தனை பேர் அறிவர்? விகார், துளசி, பவாய் என்பன அவை. முதல் இரண்டும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை ஒட்டிய காட்டுக்குள் ஒதுங்கிக் கிடப்பவை. குடிநீர் தருவதால் காவலுக்கு உட்பட்டவை. பவாய் மட்டுமே சாலையோரத்தில், பேருந்தில் செல்வோர் கண்ணுக்கும் தெரியும்படி விரிந்து கிடக்கிறது.

கண்மாய்க்கரையிலும் குளக்கரையிலும் விளையாடி வளர்ந்தவர்கள் நம்மில் பலர். கோடையில் கண்மாய் வற்றும் தறுவாயில் ஊரே திரண்டு ஊத்தாவும் கச்சாவுமாக இறங்கி மீன் பிடிக்கும் திருநாளை மதுரை, சிவகங்கைச் சீமைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சேறு குழம்ப, கூச்சல் வானைப் பிளக்க நடைபெறும் விழா அது. பவாய்க் கரையில் நடைபெறுவதோ அதற்கு நேர்மாறானது. ஓசையின்றி, அசைவின்றி, மணிக்கணக்காக ஒரு தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கலை அது. அந்தக் கலையைப் பற்றியும், அதை எனக்குக் கற்பித்த ஒரு புதிய தோழரைப் பற்றியும், அவ்வேரியின் நிலையைப் பற்றியும் சங்கத்து அன்பர்களுக்குச் சில செய்திகள் சொல்ல விரும்புகிறேன்.

ஏரி பிறந்த கதை

பவாய் இயற்கையாக அமைந்த நீர்நிலை அன்று, மனிதர் கட்டியது. பம்பாயின் மக்கள்தொகை பெருகப் பெருகத் தண்ணீர்த் தட்டுப்பாடும் பெருகிய காலம் அது. 1860இல் விகாரும், 1879இல் துளசியும் அமைந்தன. அவையும் போதாமற் போகவே, மித்தி ஆற்றின் கிளையோடை ஒன்றை இரு குன்றுகளுக்கு இடையே அணை கட்டித் தடுத்து, 1890ஆம் ஆண்டு அளவில் பவாய் ஏரியை உண்டாக்கினர். அதற்கு ஆன செலவு ஏறத்தாழ 12 லட்சத்து 59 ஆயிரம் ரூபாய். ஏரி நிறைந்தால் 2.23 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் நீர் நிற்கும், 545.5 கோடி லிட்டர் கொள்ளும்.

இத்துணை பாடுபட்டுக் கட்டிய ஏரியின் நீர் குடிப்பதற்கு உகந்ததாக இல்லை. 1892இல் தொலைவிலுள்ள தான்சாவிலிருந்து நல்ல நீர் நகருக்குள் வந்து சேர்ந்தது, பவாய் பின்தள்ளப்பட்டது. அதன் நீர் தொழிற்சாலைகளுக்கும் ஆரே பாற்பண்ணைக் குடியிருப்புக்குமே பயன்பட்டு வந்திருக்கிறது. ஆயினும், குடிநீர் ஏரியாக இராததே தூண்டிற்காரர்களுக்கு நன்மையாக முடிந்தது. விகாரில் காவலர் விரட்டுவர். பவாயில் முறைப்படி அனுமதி பெற்றவர் அமர இடம் கிடைத்தது. மகாராஷ்டிர மாநிலத் தூண்டில் சங்கம் நெடுங்காலமாக இவ்வேரியில் மீன்குஞ்சுகளை விட்டு வளர்த்துத் தூண்டிற்கலையைப் பேணி வந்திருக்கிறது. 1958இல் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இதன் கரையிலேயே அமைந்தது. அதன் பின்னர் ஆலைகளும் அடுக்குமாடிகளும் வந்து சூழ்ந்துகொண்டன.

மீன்களும் குடியேறியவையே

தூண்டிற்காரர்கள் பவாயில் முக்கியமாகத் தேடுவன மூன்று மீன்கள்: கட்லா, ரோகு, மிர்கால். நம் நாட்டுக் கண்மாய்களிலும் இன்று இவையே மிகுதியாகக் கிடைப்பதால், இவை நம் ஊர் மீன்கள் என்றே பலரும் எண்ணியிருக்கிறோம். உண்மை அதுவன்று. கங்கை, பிரமபுத்திரா முதலிய வடபுல ஆறுகளே இவற்றின் தாயகம். அங்கிருந்து குஞ்சுகளாகக் குடங்களிலும் பிற கலங்களிலும் ஏற்றிக் கொண்டுவரப்பட்டுத்தான் இவை தென்னாட்டு நீர்நிலைகளில் குடியேறின.

இவற்றிடம் ஒரு விந்தையான இயல்பு உண்டு. தேங்கிய நீரில் இவை நன்றாகத் தின்று கொழுக்கும், ஆனால் முட்டையிடா. மழைக்காலத்தில் புதுவெள்ளம் பாயும் ஓட்டநீர் வேண்டும். ஆகவே முற்காலத்தில் குளங்களுக்கு வேண்டிய குஞ்சுகளை ஆற்றிலிருந்தே அள்ளி வர வேண்டியிருந்தது. அவ்வாறு அள்ளும்போது வேண்டாத மீன்களின் குஞ்சுகளும் கலந்து வரும். 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், ஒடிசாவில் ஈராலால் சௌத்ரி என்னும் அறிஞர், அலிகுன்னி என்னும் அறிஞரோடு சேர்ந்து, மீனின் மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி வழியாகச் செலுத்திக் குளத்திலேயே இவற்றை முட்டையிடச் செய்தார். அந்நாளையே நம் நாடு மீன்வளர்ப்போர் நாளாகக் கொண்டாடி வருகிறது. இன்று நம் வீட்டுக் குழம்பில் ரோகுத் துண்டு மிதப்பதற்கு அந்த ஊசியும் ஒரு காரணமாகும்.

இம்மூன்றும் ஒரே ஏரியில் சண்டையின்றி வாழ்வதற்கும் காரணம் உண்டு. கட்லாவுக்குத் தலை பெரிது, வாய் மேல்நோக்கியது, அது மேல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்ணும். ரோகு இடைநீரில் மேயும். மிர்கால் அடியில் மண்டியை அளைந்து தின்னும். ஒரே வீட்டின் மூன்று மாடிகளில் மூன்று குடும்பங்கள் வாழ்வது போன்ற ஏற்பாடு இது.

புதிய தோழர்

நான் பணி ஓய்வு பெற்றபின் முலுண்டில் ஒரு புதிய குடியிருப்புக்கு மாறினோம். எங்கள் வீட்டிற்கு நேர்கீழே ஒரு மராத்தியப் பெரியவர் இருக்கிறார். எழுபதை எட்டும் வயது. எல்லாரையும் போல் நானும் அவரைக் ‘காகா’ என்கிறேன். என்னைவிட மூத்தவராயினும் அவர் என்னை ‘அண்ணா’ என்றே அழைக்கிறார். தென்னாட்டவர் எவராயினும் இவ்வூரில் அண்ணாதானே! நீண்ட துணிப்பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஞாயிறுதோறும் விடியுமுன் புறப்பட்டுவிடுவார். பஜனைக்குச் செல்கிறார் போலும், பையில் இருப்பது தம்பூரா போலும் என்று என் மனைவி நெடுநாள் எண்ணியிருந்தாள். ஒருநாள் மின்தூக்கி பழுதாகிப் படியில் இருவரும் சேர்ந்து இறங்கியபோதுதான் பையில் இருந்தது தூண்டிற்கோல் என்று தெரிந்தது. “வருகிறீர்களா, அண்ணா?” என்று கேட்டார். மறு ஞாயிறு நானும் உடன் சென்றேன்.

அவர் கொங்கணத்தில் இரத்தினகிரிப் பகுதியைச் சேர்ந்தவர். பதினேழு வயதில் பரேலுக்கு வந்து, துணி ஆலையில் ‘பதலி’யாக, அஃதாவது வராத தொழிலாளிக்கு மாற்றாளாக, நாட்கூலிக்குச் சேர்ந்தவர்; பின்னர் நிலையான வேலை பெற்றார். 1982 ஜனவரி 18ஆம் நாள் பம்பாய் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்குகொண்ட அப்போராட்டம் ஓராண்டுக்கு மேலும் நீண்டது. காகாவைப் போன்று பல்லாயிரவருக்கு ஆலைக்கதவு மீண்டும் திறக்கவே இல்லை. அந்த நாட்களில்தான், வேலையிழந்த வேறொரு தோழரிடம் அவர் தூண்டில் பிடிக்கக் கற்றார். புறநகர்க் குட்டைகளில் காலை முதல் மாலை வரை அமர்ந்திருப்பார்களாம். மீன் கிடைத்தால் வீட்டில் குழம்பு, கிடைக்காவிட்டால் வெறுஞ்சோறு.

“அப்போது பொழுதுபோக்கு என்று எங்களுக்குத் தெரியாது, அண்ணா. பொழுதும் போகவில்லை, அடுப்பும் எரியவில்லை. அதற்காகத்தான் உட்கார்ந்தோம்” என்றார், ஒருநாள், முள்ளில் மாவை உருட்டிக் கோத்துக்கொண்டே. வருத்தத்தோடு சொல்லவில்லை. மழை எப்போது வரும் என்று பேசுவது போல இயல்பாகவே சொன்னார். பின்னர் வாயிற்காவலராகவும், ஒரு பட்டறையில் எடுபிடியாகவும் உழைத்து இரண்டு பெண்மக்களைப் படிக்க வைத்திருக்கிறார்.

கரையில் கற்ற பாடங்கள்

தூண்டில் என்றால் ஒரு கழியும் கயிறும் என்றே நாம் எண்ணுகிறோம். அதில் அடங்கியுள்ள நுட்பங்கள் பல.

முதலாவது, கவர்ச்சி இரை. மீன் இருக்கும் இடத்தை நாம் தேடிச் செல்வதில்லை. நாம் இருக்கும் இடத்திற்கு மீனை வரவழைக்க வேண்டும். கடலைப் பிண்ணாக்கு, அரிசித் தவிடு, வறுத்துப் பொடித்த வெந்தயம் ஆகியவற்றைப் பிசைந்து உருண்டைகளாக்கி, அமர்ந்த இடத்திற்கு நேரே நீரில் எறிய வேண்டும். அவை அடியில் கரைந்து மணம் பரப்பும். கைக்கை ஒரு கலவை; கூட்டுப்பொடி இரகசியத்தை நம் பாட்டிமார் காப்பது போலவே தூண்டிற்காரர்களும் அதைக் காக்கிறார்கள்! காகாவின் கலவையில் ஓமமும் சேரும் என்பதை மூன்றாம் ஞாயிறுதான் எனக்குச் சொன்னார்.

இரண்டாவது, ஆழம் பார்த்தல். ஈயக்குண்டைக் கட்டி இறக்கி ஆழத்தை அளந்துகொண்டு, அதற்கேற்பத் தக்கையை நரம்பில் மேலும் கீழும் நகர்த்த வேண்டும். மிர்காலை நாடினால் இரை தரையில் கிடக்க வேண்டும். ரோகுவை நாடினால் சற்றே உயர வேண்டும். கட்லாவுக்கு இன்னும் மேலே தொங்க வேண்டும்.

மூன்றாவது, அமைதி. கெண்டை இனத்து மீன்களுக்குச் செவிப்புலன் மிகக் கூர்மையானது. அவற்றின் காற்றுப்பைக்கும் உட்செவிக்கும் இடையே சிறு எலும்புகள் சங்கிலி போல் தொடர்ந்து, நீரில் எழும் அதிர்வை உடனே உணர்த்திவிடும். கரையில் கால் மிதிக்கும் ஓசைகூட அவற்றுக்கு எட்டும். “வாயால் பேசுங்கள், காலால் பேசாதீர்கள்” என்பது காகாவின் கட்டளை. எனவே அமர்ந்த இடத்தை விட்டு எழாமல், தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்போம். எனக்கு மராத்தி அரைகுறை. அவருக்கு இந்தி அரைகுறை. தமிழில் அவர் அறிந்தவை ‘சாப்பாடு’, ‘நல்லா’ என்னும் இரண்டே சொற்கள். ஆயினும் பேச்சு தடைப்பட்டதில்லை. நம் விராலை அவர்கள் ‘மரள்’ என்கிறார்கள் என்று அறிந்தபோது, நெடுநாள் பிரிந்த உறவினரை வழியில் கண்டது போல் இருந்தது.

நான்காவது, காலம் அறிதல். தக்கை முதலில் இலேசாக நடுங்கும். உடனே இழுத்தால் வெறும் முள்தான் கைக்கு வரும். அது சாயும் வரையோ முழுகும் வரையோ பொறுத்து, அக்கணமே கோலைச் சுண்ட வேண்டும். காத்திருக்க வேண்டிய நேரத்தில் கொக்கைப் போலக் காத்திரு, காலம் வாய்த்ததும் கொக்கின் குத்தைப் போல விரைந்து செயலாற்று என்று வள்ளுவர் காலமறிதலில் கூறினாரே, அதற்குப் பொருள் சொல்லப் பவாய்க் கரையே போதும். அங்கே உண்மையான கொக்குகளும் நமக்கு இருபுறமும் நின்று அதையே செய்துகொண்டிருக்கின்றன. அதே வள்ளுவர், சூதில் பெறும் வெற்றியை மீன் தூண்டில் முள்ளை விழுங்குவதற்கு ஒப்பிட்டும் எச்சரித்தார். நீருக்கு மேலிருந்து பார்த்தால் ஒரு பாடம். நீருக்குள்ளிருந்து பார்த்தால் மற்றொரு பாடம்.

கடல் கடந்த தூண்டிற்காரர்கள்

இக்கலை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்காவில் ஏரி மீன்பிடிப்பு என்றால் ‘பாஸ்’ என்னும் மீனையே முதலில் சொல்வர். அகன்ற வாயையுடைய அது, பிற மீன்களை வேட்டையாடி உண்ணும். ஆகவே அங்கே மாவுருண்டை செல்லாது. மரத்தாலும் உலோகத்தாலும் சிறு மீன் வடிவில் செய்த பொய்யிரையை எறிந்து, உயிருள்ளது போல் நீந்தும்படி இழுத்து அதை ஏமாற்ற வேண்டும்.

அந்த மீனின் சாதனைக் கதை ஒன்று நம் நெஞ்சைத் தொடுவது. 1932ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள். அமெரிக்கா பெரும் பொருளாதார வீழ்ச்சியில் தவித்த காலம். ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெரி என்னும் இருபது வயது உழவர், தம் தோழருடன் மாண்ட்கோமரி என்னும் ஏரிக்குச் சென்றார். இருவருக்கும் இருந்தது ஒரே தூண்டிற்கோல், ஒரே பொய்யிரை. மாறி மாறி எறிந்தார்கள். பெரியின் முறை வந்தபோது அகப்பட்டது 22 பவுண்டு 4 அவுன்சு எடையுள்ள பாஸ் மீன். அஃதாவது பத்துக் கிலோவுக்கும் சற்று மேல். உலகச் சாதனை என்று பின்னர் ஏற்றுக்கொள்ளப்பட்ட அந்த மீனை எடை போட்டபின் வீட்டில் சமைத்து உண்டுவிட்டார்கள்! வறுமைக் காலத்தில் வேறென்ன செய்வார்கள்? எழுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின், 2009 ஜூலை 2ஆம் நாள், ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிதா என்பவர் 10.12 கிலோ மீனைப் பிடித்தார். வேறுபாடு மிகச் சிறிதாகையால் இரண்டும் சமம் என்றே அறிவித்தனர்.

அமெரிக்க மீன் ஜப்பானிய ஏரிக்கு எவ்வாறு வந்தது? 1925இல் அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அது பெருகி உள்நாட்டு மீன்களை விழுங்கத் தொடங்கவே, 2005இல் அயல் உயிரினங்கள் பற்றிய சட்டத்தின் கீழ் அதை வளர்ப்பதையும் வேறு நீரில் விடுவதையும் ஜப்பான் தடை செய்தது. நம் நாட்டிலும் இத்தகைய கதை உண்டு. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஜிலேபிக் கெண்டையை 1952இல் இங்கே கொண்டுவந்தனர். இன்று அது நுழையாத குளம் அரிது. பவாயிலும் அது இருக்கிறது. வந்த இடத்தில் வாழ்வதில் குற்றமில்லை. வந்த இடத்தில் உள்ளதை அழித்து வாழ்வதே குற்றம். மீனுக்கு இதை எடுத்துச் சொல்ல முடியாது. ஆகவே கொண்டுவந்து விடும் மனிதர்தாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

புளி கரைத்து வைத்த ஞாயிறு

முதல் மூன்று ஞாயிறும் எங்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. நான்காம் ஞாயிறு ஜூன் மாதத் தொடக்கம். வானம் மூடியிருந்தது, மழை இன்னும் விழவில்லை. “இன்று எப்படியும் கிடைக்கும்” என்று நான் சொல்லி வந்ததை நம்பி என் மனைவி புளியைக் கரைத்து வைத்திருந்தாள்.

எட்டு மணி அளவில் என் தக்கை இருமுறை நடுங்கிச் சாய்ந்தது. சுண்டினேன். கோல் வில்லாய் வளைந்தது. சக்கரத்திலிருந்து நரம்பு கிறீச்சிட்டு ஓடியது. “இழுக்காதீர்கள்! ஓடட்டும், களைத்து வரட்டும்” என்றார் காகா. கால்மணி நேரம் அது ஓடுவதும் நான் சுற்றுவதுமாகக் கழிந்தது. கடைசியில் அவர் கைவலையை நீரில் ஆழ்த்திப் பிடிக்க, நான்கு கிலோவுக்குக் குறையாத ஒரு கட்லா உள்ளே வந்தது. வெள்ளித் தகட்டை அடுக்கியது போன்ற செதிள்கள், பெரிய தலை, வயிறு மட்டும் வழக்கத்தினும் பருத்திருந்தது.

காகா கையை நனைத்துக்கொண்டு வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். “சினை” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். மீன் என்னுடையது, முடிவும் என்னுடையது என்று அவர் கருதியது தெரிந்தது. நான் தலையசைத்தேன். முள்ளைப் பையக் கழற்றினார். மீனை நீருக்குள்ளேயே நிமிர்த்திப் பிடித்து, செவுள் நன்றாக அசையும் வரை பொறுத்திருந்து, கையைத் தளர்த்தினார். அது ஒரு கணம் அங்கேயே நின்றது. பின்னர் வாலை ஒருமுறை அடித்து மறைந்தது.

“அந்த நாளில் இது கிடைத்திருந்தால் எங்கள் வீட்டில் இரண்டு வேளை சாப்பிட்டிருப்போம்” என்றார் காகா, கையைத் துடைத்துக்கொண்டே. “இன்று வீட்டில் அரிசியும் இருக்கிறது, பருப்பும் இருக்கிறது. மழை வந்தால் ஓடையில் தண்ணீர் ஓடும். அது போய்ப் பார்க்கட்டும்.”

பசிக்காக மீன் பிடித்த மனிதர் அதைச் சொன்னபோது மறுமொழி கூற எனக்குச் சொல் வரவில்லை. திரும்பும் வழியில் சந்தையில் இரண்டு வாவல் வாங்கினோம். அதைப் ‘பாப்லேட்’ என்று கேட்டால்தான் இங்கே கிடைக்கும். கரைத்த புளி வீணாகவில்லை. அன்று பகல் காகாவும் அவர் மனைவியும் எங்கள் வீட்டில் உண்டார்கள். ‘நல்லா’ என்னும் சொல்லை அவர் ஐந்து முறையாவது பயன்படுத்தியிருப்பார்.

ஏரிக்கு வந்த இடர்

இத்தகைய இன்பத்தைத் தரும் ஏரி நலமாக இருக்கிறதா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். சுற்றிலும் பெருகிய குடியிருப்புகளின் கழிவுநீர் பல ஆண்டுகளாக இதில் கலந்து வந்திருக்கிறது. கழிவில் உள்ள சத்தை உண்டு ஆகாயத்தாமரை படர்கிறது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்தக் கொடிய செடி நீரை மூடினால் வெயில் உள்ளே புகாது. மடிந்து அழுகினால் நீரில் கரைந்துள்ள உயிர்வளியும் குறையும். மூடிய வானமுள்ள விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அது விளையாட்டு அன்று, மூச்சுத் திணறல். அலுவலகத்தில் அமர்ந்திருப்பவருக்கு அது தெரியாது. விடியலில் கரையில் அமர்ந்திருப்பவர் கண்ணுக்கே முதலில் தெரியும். மாநகராட்சி இயந்திரங்களைக் கொண்டு செடியை அகற்றி வந்திருக்கிறது. எனினும் கழிவுநீர் நிற்காத வரை செடியும் நிற்காது.

ஏரியோரத்தில் மிதிவண்டிப் பாதையும் நடைபாதையும் அமைக்க மாநகராட்சி மேற்கொண்ட முயற்சியை எதிர்த்து, தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சி மாணவர் இருவர் வழக்குத் தொடுத்தனர். 2022 மே 6ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றம் அப்பணி சட்டத்திற்கு மாறானது எனத் தீர்ப்பளித்து, நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் ஆணையிட்டது. படிக்க வந்த மாணவர்கள் நான்கைந்து ஆண்டு இருந்து போகிறவர்கள். ஏரி எப்படிப் போனால் நமக்கென்ன என்று அவர்கள் இருந்துவிடவில்லை.

இதில் நமக்கென்ன என்று நம் சங்கத்தாரும் கேட்பதற்கில்லை. பவாயும் விகாரும் நிரம்பி வழியும் நீரே மித்தி ஆறாகிறது. அவ்வாறு பதினெட்டுக் கிலோமீட்டர் அளவுக்கு ஓடி மாகிம் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. அதன் கடைக்கோடியில் கரையை ஒட்டி அமைந்திருப்பது தாராவி. நெல்லைச் சீமையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்து மூன்று நான்கு தலைமுறையாக நம் மக்கள் வாழும் இடம் அது. 2005 ஜூலை 26ஆம் நாள் சாந்தாக்ரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, குறுகிப்போன மித்தி கரைமீறி ஊருக்குள் புகுந்ததை மறந்தவர் உண்டோ? மேலே ஏரி கெட்டால் கீழே ஆறு கெடும். ஆறு கெட்டால் நம் வீட்டு வாசலுக்கு வெள்ளம் வரும்.

ஏரியோ கட்டப்பட்டது. மீனோ கங்கையிலிருந்து வந்தது. காகா கொங்கணத்திலிருந்து வந்தார். நான் மதுரைச் சீமையிலிருந்து வந்தேன். அக்கரையில் யார் ஊர்க்காரர், யார் அயலார் என்று எவரும் கேட்பதில்லை. நேற்று வந்தவராயினும் நீரைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்பவர் ஊர்க்காரர். நூறு தலைமுறை இருந்தவராயினும் குப்பையைக் கொட்டுபவர் அயலார். இவ்வளவே அங்கே செல்லும் கணக்கு.

அன்பர்களுக்குச் சில குறிப்புகள்

ஆர்வமுள்ளோர் ஒரு ஞாயிறு பிள்ளைகளுடன் சென்று வரலாம். தூண்டில் போடுவதாயின் அனுமதி விவரங்களை முன்னதாகவே கேட்டறிந்து, முறைப்படி சீட்டுப் பெற்ற பின்னரே போடுக. இவ்வேரியில் முதலைகள் உண்டு. ஆகவே நீரில் இறங்குவதோ, விளிம்பில் குழந்தைகளை நிறுத்துவதோ கூடாது. மீனைத் திரும்ப விடுவதாயின் கையை நனைத்துக்கொண்டே தொட வேண்டும். வறண்ட கை பட்டால் அதன் மேலுள்ள வழுவழுப்பு நீங்கி நோய் பற்றும். முள்ளின் நுனிக்குப் பின்னே எதிர்த்து நிற்கும் சிறு கூரைக் குறட்டால் நசுக்கிவிட்டால், மீனுக்குக் காயம் குறையும்.

துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்க. அவர் நம் மொழிக்காரராக இருக்க வேண்டுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் போதும். மீனுக்கு அவர் மொழியில் என்ன பெயர் என்று கேட்கத் தொடங்கினால் மற்றவை தாமே வரும்.

செல்லும்போது ஒரு பழைய சாக்குப்பையும் உடன் இருக்கட்டும். அறுந்து கிடக்கும் நைலான் நரம்பு நீர்க்காகத்தின் காலிலும் கொக்கின் கழுத்திலும் சுற்றிக்கொண்டால் அது பட்டினியால் சாகும். மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அந்த நரம்பையும் பிளாஸ்டிக் உறைகளையும் பொறுக்கிப் பையை நிரப்பிக்கொண்டே காகா கரையேறுகிறார். இப்பொழுது எங்கள் கையில் இரண்டு பைகள் இருக்கின்றன.